தலைநகரில் மூன்று பகல்கள்

தலைநகர் தில்லியைக் காண வேண்டும் என்னும் விருப்பம் எங்கள் இல்லத்தில் நெடுநாளாக இருந்து வந்தது. விருப்பம் பிள்ளைகளுடையது, தயக்கம் என்னுடையது. மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவனின் ஊதியத்தில் ஐந்து பேர் அவ்வளவு தொலைவு சென்று திரும்புவது எளிதன்று. ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, சென்ற அரையாண்டு விடுமுறையில், இறையருளால் அது கைகூடியது. என் தாயார், துணைவி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், ஏழாம் வகுப்பில் பயிலும் மகன், நான் என ஐவர் புறப்பட்டோம்.

நம் குடும்பங்களில் பயணம் என்றால் பெரும்பாலும் அது திருமண வீட்டுக்கோ, மரண வீட்டுக்கோ, மருத்துவமனைக்கோதான் இருக்கும். பெண்கள் நிலை சொல்லவே வேண்டாம். என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். அவர் தம் வாழ்நாளில் சென்ற மிகத் தொலைவான ஊர் சென்னை. அதுவும் கண் அறுவை சிகிச்சைக்காக. "இந்த வயசுல எனக்கு எதுக்கு வாப்பா டில்லி? நீங்க போயிட்டு வாங்க" என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். பேத்திதான் விடவில்லை. முன்சென்ற சமுதாயங்கள் விட்டுச் சென்ற தடங்களைப் பூமியில் பயணம் செய்து காணுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகின்றதே, அந்த ஏவல் ஆண்களுக்கு மட்டுமா என்று அவள் கேட்டபோது, பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியனுக்கே மறுமொழி இல்லாமல் போயிற்று.

திருநெல்வேலியில் ரயில் ஏறினோம். கன்னியாகுமரியிலிருந்து வரும் அந்த வண்டியின் பெயர் திருக்குறள் எக்ஸ்பிரஸ். அது சென்று சேரும் நிலையத்தின் பெயர் ஹஸ்ரத் நிஜாமுத்தீன். வள்ளுவரின் நூற்பெயரைத் தாங்கிப் புறப்பட்டு, ஓர் இறைநேசரின் பெயரில் போய் நிற்கும் வழித்தடம் வேறெங்கேனும் உண்டா என்று தெரியவில்லை. பெயர் சூட்டிய அதிகாரி யாராயினும் அவரை மனம் வாழ்த்தியது. இரண்டு பகல், இரண்டு இரவுப் பயணம். எலுமிச்சைச் சோறும் வறுத்த இறைச்சியும் முதல் நாளைக் காத்தன. பின்னர் இட்லிப்பொடியும் ரயில் சாப்பாடும்தான். வடக்கே செல்லச் செல்ல மூடுபனி வண்டியைப் பிடித்து நிறுத்தியது. நாங்கள் இறங்கியபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. டிசம்பர் மாதத் தில்லிக் குளிர் என்பது நாம் ஊட்டியில் ஒருநாள் கண்டு திரும்பும் குளிர் அன்று. அது எலும்பில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகின்றது. முதியோரை அழைத்துச் செல்வோர் இதை மனத்தில் கொள்க.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் ஓரூரில் தங்க நாடினால், நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி பயணச் சலுகை நீங்கிவிடும். நாங்கள் தங்க நாடியதோ மூன்று பகல்கள். ஆகவே சுருக்கியும் சேர்த்தும் தொழுதுகொள்ள இடமிருந்தது. காட்சிகளைக் காணும் அவசரத்தில் வக்தைத் தவறவிட்டோம் என்னும் குறை பெண்களுக்கும் வரவில்லை.

ஜும்ஆ மஸ்ஜித் பகுதியில் ஒரு விடுதியில் தங்கினோம். பதிவேட்டில் பெயர்களை எழுதியதும் எழுத்தர் உருதுவில் சரளமாகப் பேசத் தொடங்கினார். எனக்குப் புரியவில்லை என்று கைகாட்டியதும் அவர் முகத்தில் தோன்றியது கோபம் அன்று, வியப்பு. முஸ்லிம் என்கிறீர்கள், உருது தெரியாதா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மூன்று நாள்களில் இதே வினாவை ஐந்து பேரிடம் கேட்டோம். தேநீர்க் கடைக்காரர் கேட்டார். ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். யாரும் தீய எண்ணத்தில் கேட்கவில்லை. எனினும், ஒவ்வொரு முறையும் மகன் என் முகத்தைப் பார்த்தான். மறுநாள் காலை செங்கோட்டையின் லாகூர் வாயிலில் நுழைந்தபோது அவனே வேறொரு வினாவை எழுப்பினான்.

"வாப்பா, இதெல்லாம் நம்ம ஆளுங்க கட்டுனதுதானே?"

குழந்தை பெருமையுடன் கேட்கிறான். உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடும் வினாவா இது? 'நம்ம ஆளுங்க' என்பதில் யார் யார் அடக்கம்? பார்த்துக்கொண்டே போவோம், பிறகு நீயே சொல் என்றேன்.

ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை இது. வெளிமதிலின் செம்மையும் உயரமும் கண்ணை நிறைக்கின்றன. உள்ளே சென்றால் வெறுமை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். தப்பி நிற்கும் மண்டபங்களில் திவானே காஸ் ஒன்று. மயிலாசனம் இருந்தது இங்கேதான் என்று எல்லோரும் காட்டுகிறார்கள். அதனை நாதிர்ஷா 1739இலேயே கொண்டு போய்விட்டார். இதே மண்டபத்தில்தான் கடைசி முகலாய மன்னர் பகதூர்ஷா ஜஃபர் 1858இல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். எண்பது வயதைக் கடந்த முதியவர். தம் முன்னோர் கொலுவிருந்த இடத்திலேயே அயலார் கூடி அவர்மீது தீர்ப்புரைத்து ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862 நவம்பர் 7ஆம் நாள் அங்கேயே காலமானார்.

இதை நான் சொல்லி முடிக்கவில்லை. அதுவரை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் வந்த என் தாயார், "இவரு ரங்கூன் ராஜால்லா!" என்றார்.

எங்கள் அனைவருக்கும் திகைப்பு. தாயாரின் தந்தை ரங்கூனில் கடை வைத்திருந்தவர். நம் கடலோர ஊர்களில் அந்தத் தலைமுறையில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று ஏதேனும் ஒரு துறைமுகம் தொடாத குடும்பம் அரிது. 1964இல் பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கைப்பெட்டியுடன் ஊர் திரும்பியவர்களுள் அவரும் ஒருவர். வெள்ளிக்கிழமைகளில் கடையடைத்ததும் தில்லி ராஜாவின் கப்ருக்கு ஜியாரத் செய்யச் செல்வதைப் பற்றி அவர் தம் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். "வெள்ளக்காரன் கப்ரே தெரியக் கூடாதுன்னு மண்ணச் சமப்படுத்திட்டானாம். அந்தப் பக்கத்துலேயே கல்லு நட்டு வச்சிருப்பாங்கன்னு வாப்பா சொல்லும்." உண்மைதான். மன்னர் அப்பகுதியில் அடக்கப்பட்டார் என்று தெரிவிக்கும் கல் 1907இல்தான் நடப்பட்டது. கப்ரு சரியாக எவ்விடம் என்பது 1991இல் தோண்டும்போதுதான் வெளிப்பட்டது.

பட்டப்படிப்பில் வரலாறு படித்த எனக்கு ஜஃபர் ஒரு பாடம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட என் தாயாருக்கோ அவர் வாப்பா ஜியாரத் செய்த ஒரு கப்ரு. முகலாயர் என்னும் பெரிய வரிசையில் அவருக்குத் தெரிந்தவர் அந்த ஒருவரே. அன்றைக்குக் கோட்டையில் வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. மண்டபத்தின் படியருகே அமர்ந்து யாசீன் ஓதினார்.

கோட்டைக்கு எதிரே ஜும்ஆ மஸ்ஜித். கோட்டையைவிட இதுவே என் மனத்தில் பெரிதாக நிற்கின்றது. 1650இல் தொடங்கி 1656இல் நிறைவுற்றது. மஸ்ஜிதே ஜஹான்நுமா என்பது அதன் இயற்பெயர். கிழக்கு வாயிலுக்கு 35 படிகள், தெற்கில் 33, வடக்கில் 39. தாயாருக்காகத் தெற்கு வாயிலைத் தேர்ந்தோம். இரண்டு படி குறைந்தாலும் ஆதாயந்தானே! மேலே ஏறி முற்றத்தில் கால் வைத்ததும் வானம் அகன்று விரிகின்றது. இருபத்தையாயிரம் பேர் ஒருங்கே தொழக்கூடிய இடம். சிவப்புக் கல், வெள்ளைச் சலவைக்கல், நடுவே ஒளுச் செய்யும் தடாகம், அதைச் சுற்றிப் புறாக்கள்.

1857 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ஆங்கிலேயர் இப்பள்ளியைப் பறிமுதல் செய்தனர். ஐந்தாண்டுகள் இங்கு முஸ்லிம்கள் தொழ முடியவில்லை. 1862இல்தான் திரும்பக் கிடைத்தது. சாந்தினி சவுக்கின் மறுகோடியிலுள்ள ஃபத்ஹ்பூரி மஸ்ஜித் நிலை இன்னும் கேடு. அதை ஒரு வணிகருக்கு விற்றே விட்டார்கள். 1877இல்தான் அது மீண்டது. பள்ளிவாசல் நமக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஜமாஅத்தைத் தவறவிடும் நம் இளைஞர்களுக்கு இந்த ஐந்தாண்டுகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

லுஹருக்குப் பாங்கு ஒலித்தது. தாயார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நாங்க எங்கே போய் நிக்கிறது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்களுக்குத் தனித் தைக்கா உண்டு; அங்கே பெண்கள் தமக்குள் கூடித் தொழுவார்கள். ஜும்ஆப் பள்ளியின் உள்முற்றத்தை என் தாயார் எழுபதாண்டுகளில் மிதித்ததில்லை. இங்கே ஓரத்துத் தாழ்வாரத்தில் சில பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் கையசைத்து அழைத்து, தம் அருகில் விரிப்பை இழுத்துவிட்டு இடம் கொடுத்தார். மொழி தேவைப்படவில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்த தாயாரின் கண்கள் கலங்கியிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. படி இறங்கும்போது, "ஷாஜஹான் ராஜா ரொம்ப நல்லவரோ?" என்று அவராகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் இடம் கொடுத்ததன் புண்ணியம் மன்னரின் கணக்கில் சேர்ந்துவிட்டது போலும்!

பள்ளியை ஒட்டிய கடைவீதிக்கு உருது பஜார் என்று பெயர். ஒரு காலத்தில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள் இருந்த தெரு. இன்றைக்குக் கபாப் புகைக்கு நடுவே அவை எண்ணக்கூடிய அளவில் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நுழைந்தேன். முதிய கடைக்காரர் அரபி ஓதியவர். ஆகவே அரபியில் உரையாட முடிந்தது. வழக்கமான வினா அவரிடமிருந்தும் வந்தது: உருது இல்லாமல் தீனை எப்படிக் கற்கிறீர்கள்?

நான் குறிப்பேட்டை எடுத்து அரபுத் தமிழில் ஒரு வரி எழுதிக் காட்டினேன். தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் அம்முறையில் நம் முன்னோர் நூற்றுக்கணக்கில் நூல்கள் இயற்றியிருக்கிறார்கள். என் பாட்டியார் வரை வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதியதும் அதில்தான். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். எழுத்து அவருடையது, சொல் எங்களுடையது. தாம் படிப்பது என்னவென்று அறியாமலே அவர், 'உம்மாவுக்குத் தமி...' என்று வந்து, ழகரத்துக்காக நம்மவர்கள் புள்ளியிட்டுச் செய்துகொண்ட எழுத்தின்முன் தடுக்கி நின்றார். வாயிலில் நின்ற என் தாயார் வாய்விட்டுச் சிரித்தார். தில்லிக்காரர் வாயில் தம் மொழி வந்து விழுந்தது அவருக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. பெரியவரும் சிரித்தார். ழகரத்தை மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. குறிப்பேட்டின் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஒரு நூலுக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் படங்கள் நிறைந்த உருது அரிச்சுவடி ஒன்றை விலையில்லாமல் கொடுத்தார்.

இரண்டாம் நாள் குதுப்மினார். மெட்ரோ ரயிலில் சென்றோம். முதற்பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் நம் வீட்டுப் பெண்கள் நெருக்கடியின்றிச் செல்லலாம். ஆனால் இறங்கும் நிலையத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 72.5 மீட்டர் உயர மினாரைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1981இல் உள்ளே நிகழ்ந்த நெரிசலில் பள்ளிக் குழந்தைகள் உட்பட 45 பேர் இறந்தபின் அதன் 379 படிகளில் பொதுமக்கள் ஏற முடியாது. நான் நின்றது அதன் அடியிலுள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளியில்.

அங்குள்ள தூண்களில் மணிகளும் சங்கிலிகளும் மலர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மகன் சட்டென்று கண்டுகொண்டான். "இது கோயில் தூண் மாதிரி இருக்கே வாப்பா?" ஆம், கோயில் தூண்கள்தாம். இருபத்தேழு கோயில்களின் பொருள்கள் இதற்குப் பயன்பட்டதாக அப்பள்ளியின் கல்வெட்டே கூறுகின்றது. வெற்றி கண்ட அரசர்கள் தம் வெற்றியைப் பறைசாற்றிக்கொண்ட முறை அது. அதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பது எனக்கு உடன்பாடன்று. பிறர் வணங்குவனவற்றைத் திட்டவும் கூடாதென்று கற்பிக்கும் மறையை வைத்திருப்பவர்கள் நாம். இவற்றை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். மறைத்து வைத்தால் நாளை வேறொருவர் வாயிலிருந்து, வேறொரு நோக்கத்தோடு அவன் அதைக் கேட்க நேரும். அன்று அவன் என்னையும் நம்பமாட்டான், தன்னையும் நம்பமாட்டான்.

முற்றத்தின் நடுவே இரும்புத்தூண் நிற்கின்றது. குப்த மன்னர் இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது; ஏழு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருவேறிக் கெடாமல் நிற்பதற்கு அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் ஒரு காரணம் என்று ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். காற்றும் ஈரமும் அதன்மேல் படும்போது மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி உள்ளிரும்பைக் காக்கின்றதாம்.

சில அடிகள் தள்ளி அலாயி தர்வாஸா. அலாவுத்தீன் கில்ஜி 1311இல் எழுப்பிய வாயில் மண்டபம். செம்மணற்கல்லும் வெண்சலவைக்கல்லும் இழைத்த வேலைப்பாடு கண்ணைப் பறிக்கின்றது. மகனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த ஆண்டைக் குறித்துக்கொள் என்றேன். அதே 1311இல்தான் இதே சுல்தானின் படை மாலிக் காஃபூர் தலைமையில் மதுரைவரை வந்து பாண்டிய நாட்டைச் சூறையாடிச் சென்றது. அப்போது நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? பாண்டியர் பக்கத்தில்! காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காலம் அது. தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெரியார் பாண்டியருக்கு அமைச்சராக விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார். தில்லிப் படை வந்தபோது தமிழகத்தில் இந்து மன்னரின் குடிகளாக வாழ்ந்த முஸ்லிம்கள் அதன் கையில் அகப்பட்டனர் என்பதையும், கலிமா சொல்லத் தெரிந்ததால் அவர்களைத் தளபதி உயிரோடு விட்டார் என்பதையும் அமீர் குஸ்ரவ் தம் 'கஸாயினுல் ஃபுதூஹ்' நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இவரு நம்ம ஆள் இல்லையா?" என்று அலாவுத்தீனைச் சுட்டினான். அதற்கும் நான் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் அதே சுல்தானின் மதரஸா இடிபாடாகக் கிடக்கின்றது. மாணவர் அறைகள் சின்னஞ்சிறியவை; சுவர் மாடங்களில் கிதாபு வைத்திருப்பார்கள் போலும். அந்த அறையொன்றில் நின்றபோது, இங்கு ஓதிக் கொடுத்தவர் எவரோ, அவர் நம் ஆள் என்பதில் எனக்கு ஐயமில்லை என்று தோன்றியது. அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அருகிலுள்ள மெஹ்ரோலியில் குதுபுத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஒட்டி, ஜஃபர் மஹால் என்னும் பாழடைந்த மாளிகையும் ஒரு சிறு வேலிக்குள் முகலாயப் பிற்கால மன்னர்களின் கப்ருகளும் உள்ளன. இரண்டு கப்ருகளுக்கு இடையே ஓரிடம் காலியாக இருக்கின்றது. பகதூர்ஷா தமக்கென்று தேர்ந்து வைத்த இடம் அது. என் தாயார் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "ரங்கூன்ல எங்க வாப்பா பாத்தது கப்ரு. இங்கே இவருக்கு எடம் மட்டும் இருக்கு" என்றார். அங்கும் ஒரு ஃபாத்திஹா ஓதினார். காலி மண்ணுக்கு ஃபாத்திஹா ஓதலாமா என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தவற்றுள் இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகையின் வெளிமதில், 2023இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் தொலைதூரத் தோற்றம் ஆகியவற்றை விரிக்கப் போவதில்லை. எல்லாம் மூடுபனிக்குள் மங்கலாகத் தெரிந்தன. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஹுமாயூனின் சமாதியை அவர் மனைவி ஹாஜி பேகம் கட்டுவித்தார் என்பது என் துணைவிக்குப் பிடித்திருந்தது. "தாஜ்மஹாலைப் பத்தி மட்டும் எல்லாரும் பேசுறாங்க. பொண்டாட்டி புருஷனுக்குக் கட்டுனதப் பத்தி யாரும் பேசலியே" என்றார். நியாயமான கேள்வி. தாஜ்மஹாலுக்கு இது ஏறத்தாழ எண்பதாண்டுகள் மூத்தது வேறு!

எதிர்ப்புறத்துச் சந்துகளின் வழியே ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் தர்காவுக்குச் சென்றோம். ரோஜா மலர்க் குவியல்களும் அத்தர் மணமும் சூழ்ந்த வழி. அடக்கத்தலத்தின் உள்ளறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. ஆகவே நானும் மகனும் உள்ளே சென்று ஸலாம் சொல்லித் திரும்பும்வரை அவர்கள் சலவைக்கல் சாளரத்துக்கு வெளியே நின்றார்கள். சுல்தான்கள் பலர் ஆண்டு மறைந்த காலத்தில் எவர் அவையையும் நாடாமல் வாழ்ந்து 1325இல் மறைந்த பெரியவர் அவர். அதே ஆண்டில் மறைந்த அவருடைய அன்புச் சீடர் அமீர் குஸ்ரவ் சற்றுத் தள்ளி உறங்குகிறார். பாண்டிய நாட்டு முஸ்லிம்களைப் பற்றி ஒரு குறிப்பை விட்டுச் சென்ற அதே குஸ்ரவ். எழுநூறாண்டுகள் கழித்து அவர்களின் வழிவந்தோர் ஐவர் வந்து ஸலாம் சொல்வதாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வளாகத்தில் மகளின் கண்ணில் பட்டது இன்னொரு கப்ரு. ஷாஜஹானின் மகள் ஜஹான் ஆராவுடையது. சாந்தினி சவுக்கை அமைத்தவர், பேரரசில் பெருஞ்செல்வம் படைத்த பெண்மணி, 1681இல் மறைந்தவர். சுற்றிலும் சலவைக்கல் திரை; மேலே கூரை கிடையாது. கப்ரின் மேற்பகுதி குழிவாக விடப்பட்டு அதில் மண் நிரப்பிப் புல் வளர்க்கப்பட்டிருக்கின்றது. எளியோரின் கப்ருக்குப் புல்லே போதிய போர்வை, வேறெதுவும் வேண்டாம் என்னும் அவருடைய விருப்பம் தலைமாட்டுக் கல்லில் பாரசீகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. உள்ளறைக்குச் செல்ல முடியாத என் வீட்டுப் பெண்கள் மூவரும் இந்த கப்ரின் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார்கள். "நம்ம ஊரு மையவாடியில என் உம்மாவுக்கும் இப்படித்தான் புல்லு முளைச்சுக் கெடக்கு" என்றார் தாயார். ராஜா வீட்டுப் பெண் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். "இவங்க நம்ம ஆளுதான்" என்று மகன் முடிவாகச் சொன்னான்.

பிற்பகலில் நிலையத்துக்குப் புறப்படுமுன் மகள் ஓரிடம் கேட்டாள். ஆட்டோ ஓட்டுநர் முதலில் விளங்காமல் விழித்து, பிறகு, "ஓ, ஔரங்கசீப் ரோடா!" என்றார். இப்போது அது டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சாலை. அந்த மேதை மறைந்த 2015ஆம் ஆண்டிலேயே ஔரங்கசீப்பின் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைச் சூட்டினார்கள். பக்கத்துச் சிறு சாலைக்கு 2023இல் அவ்வாறே செய்தார்கள். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஓர் இமாமின் மகன். எங்களைப் போலவே உருது வீட்டுமொழியாக இல்லாதவர். 2002 முதல் 2007 வரை அருகிலிருக்கும் அந்தப் பெரிய மாளிகையில் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவர். அவர் பெயரைத் தலைநகரின் வீதியில் காண்பதில் நெஞ்சு நிறையத்தான் செய்தது. ஆனால் அந்த நிறைவுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. ஔரங்கசீப்பைப் போற்ற எனக்கு அவசியமில்லை. அவர் ஆட்சியை எடைபோட வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் பெயரை அழிக்க இன்னொரு முஸ்லிம் பெயரைக் கருவியாக்கினால், நல்லவர், பொல்லாதவர் என்று நமக்கு யாரோ பட்டியல் போட்டுத் தருவது போலாகின்றதே என்பதுதான் உறுத்தல்.

பெயர்ப்பலகை நான்கு எழுத்துகளில் இருந்தது: இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது. மகன் இந்தியை விட்டுவிட்டு உருது வரியின் முன் போய் நின்றான். மக்தபில் கற்ற அலிஃப், பேயின் துணையோடு எழுத்துக் கூட்டினான். அரபியில் இல்லாத ப ஒலி எழுத்தில் தடுக்கினான். உருது பஜார் பெரியவர் கொடுத்த அரிச்சுவடியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். "பே... ஜே... அப்துல்... கலாம்!" என்று உரக்கப் படித்தான். ஆட்டோ ஓட்டுநர் கைதட்டினார்.

என் தாயாருக்கு விவரம் முழுவதையும் விளக்கிச் சொன்னேன். யார் பெயர் இருந்தது, யார் பெயர் வந்தது என்று கேட்டுக்கொண்டார். பலகையை ஒருமுறை பார்த்தார். அகன்று நீண்டு கிடக்கும் சாலையை ஒருமுறை பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய ஊருல கலாமுக்குக் குடுக்க வேற ரோடே இல்லியா வாப்பா?" என்றார்.

ஓட்டுநர் என்ன சொன்னார் என்று கேட்டார். என்னால் மொழிபெயர்க்க இயலவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.